மேல் ரூமில் எத்தனை பேர்

இந்த சீட்டுல ஆள் வருதா தங்கச்சி? இல்லையா, சரி. அப்ப நான் உக்காந்துக்கிறேன். பையை மடியிலயே வச்சுக்கிறேன், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. நீங்களும் கோவில்பட்டிதானா? நல்லது. நான் அங்க இறங்கி சாத்தூர் பஸ் மாறணும்.

முகம் ஏன் வாடியிருக்குன்னு பாக்கிறீங்க. ஒண்ணுமில்லை, வெயில்ல நின்னேன். வெயில்னு சும்மா சொல்லிரவும் முடியலை இப்பல்லாம். எங்க வீட்டுல வெயில்னு ஒரு வார்த்தை சொன்னா அதுக்குப் பின்னால பெரிய கணக்கே வந்து நிக்குது.

விளாத்திகுளத்துல என் சின்ன மருமகளோட அம்மா வீடு. அங்க போயிட்டுத்தான் வர்றேன். மருமக பேரு எப்சிபா. பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வந்து ரெண்டு மாசமும் பத்து நாளும் ஆச்சு. சண்டைன்னு நினைச்சிராதீங்க. எங்க வீட்டுல சண்டையே கிடையாது. நான் சத்தம் போட்டுப் பேசுற ஆளில்லை. எங்க தெருவுல வந்து கேளுங்க, கமலம் அக்கா வாயில ஸ்தோத்திரத்தைத் தவிர வேற வார்த்தை வராதுன்னு சொல்வாங்க. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால வந்தது.

இல்லை, உள்ளதைச் சொல்லணும். அவ போனது மே கடைசியில. என் மகன் கம்ப்யூட்டர்ல அந்தப் படிப்பை ஆரம்பிச்சது ஜூன்ல. ஆனாலும் அது இல்லைன்னா அவ இந்நேரம் திரும்பி வந்திருப்பா. எனக்கு அப்படித்தான் தோணுது.

எனக்கு ரெண்டு மகன். மூத்தவன் செல்வின், பெண்டாட்டியோட தோஹாவுல இருக்கான், வருஷத்துக்கு இருபது நாள் வருவான். சின்னவன் ஜெபசிங். டிப்ளமா படிச்சிட்டு சிவகாசியில ஒரு கட்டட காண்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசர். காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவான். அவன் பெண்டாட்டிதான் எப்சிபா. பேத்தி ஷைனிக்கு ஒண்ணேகால் வயசு. என் வீட்டுக்காரர், பையன்க அப்பா, தவறி ஆறு வருஷம் ஆச்சு. நான் எட்டாவதுதான் படிச்சேன், ஆனா கையெழுத்து நல்லா இருக்கும்.

இந்தப் படிப்பு என்னன்னா, ஒரு கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கட்டுறது. சுவரு, ஜன்னலு, கூரை எல்லாம். கட்டி முடிச்சு, வருஷம் பூரா அதை வெயில்லயும் மழையிலயும் நிறுத்தி வைக்கிறது. நிஜத்துல இல்லை, உள்ளேயே. ரெண்டு நிமிஷத்துல ஒரு வருஷம் ஓடிரும். எந்த ரூம் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடாகும், எத்தனை யூனிட் கரண்ட் குடிக்கும், எல்லாம் சொல்லிரும். சிமுலேஷன்னு பேரு. அவன் சொல்லிக்கொடுத்துதான் எனக்குத் தெரியும். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில இதைத் தெரிஞ்ச ஆள் கேட்டாங்களாம். சான்றிதழ் இருந்தா எடுத்துக்கிறோம்னு சொன்னாங்களாம். அதுக்காக ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்ல கிளாஸ். சொல்லித் தர்றது ஒரு பொம்பளைப்பிள்ளை, நிரஞ்சனான்னு. கோயில்ல இருந்து வந்து சாப்பிட்டதும் நானும் வெத்தலைப் பெட்டி மாதிரி பக்கத்துல உக்காந்திருப்பேன். புரியுதோ இல்லையோ, மகன் படிக்கிறதைப் பாக்க ஒரு சந்தோஷம்.

கடைசிப் பாடத்துக்கு ஒரு நிஜமான வீட்டை எடுத்துப் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டையே எடுத்தான். டேப்போட ஒரு நுனியை நான் பிடிச்சேன், மறு நுனியை அவன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரு. மேல கான்க்ரீட்டு மட்டும்தான், ஓடு பதிக்கலை. அவங்க அப்பா பதிக்கணும் பதிக்கணும்னு சொல்லிட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க. மேற்க பாத்த ஜன்னல், அதுக்குச் சன்ஷேடு கிடையாது. எல்லாத்தையும் எழுதினான். சாத்தூர் வெயிலுக்குக் கணக்கு கிடையாதாம், மதுரை வெயிலைத்தான் எடுத்துக்கணுமாம். சாத்தூர் வெயிலும் மதுரை வெயிலும் ஒண்ணாடான்னு கேட்டேன். நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா ஏர்போர்ட் இருக்கிற ஊர்லதான் வெயிலை அளக்கிறாங்கன்னான்.

இன்னொண்ணு கேளுங்க. முதல் தடவை வீட்டை உள்ள கட்டிட்டு என்கிட்ட காட்டினான். வெயில் அடுக்களை ஜன்னல் வழியா காலையில விழுந்துச்சு. நான் சொன்னேன், அடுக்களையில எனக்குச் சாயங்காலம்தானேப்பா வெயில் விழும், வத்தல் காய வைக்கிறதே அஞ்சு மணிக்குத்தானேன்னு. பார்த்தா வடக்கைத் தப்பா வச்சு, வீட்டையே திருப்பிக் கட்டியிருக்கான். அடுத்த ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல எல்லாருக்கும் சொன்னான், எங்க அம்மாதான் கண்டுபிடிச்சாங்கன்னு. அந்த டீச்சர் பிள்ளை சிரிச்சிட்டு, அம்மா பக்கத்துல இருக்கிற வரைக்கும் உங்களுக்குக் கவலை இல்லை ஜெபசிங்னு சொன்னா.

அதுதான் தங்கச்சி எனக்கு இன்னைக்கு வரைக்கும் நெஞ்சுல நிக்குது. அம்மா சொன்னா சரியா இருக்கும்னு அவன் முடிவு பண்ணிட்டான்.

அப்புறம் ஒரு நாள் ஒரு தாளோட வந்தான். ஒவ்வொரு ரூமுக்கும் இருபத்திநாலு கட்டம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். அந்த ரூம்ல அந்த நேரத்துல எத்தனை பேர் இருப்பாங்க, ஃபேன் ஓடுமா, ஏசி ஓடுமான்னு எழுதணும். மார்ச், ஏப்ரல், மே, இந்த மூணு மாசத்துக்கு. அவன் வீட்டுலயே இருக்கிறதில்லை, அவனுக்கு என்ன தெரியும். எப்சிபாகிட்ட கேக்கலாம்னா அவ விளாத்திகுளத்துல இருக்கா, ரெண்டு பேருக்கும் பேச்சு சரியா இல்லை. அதனால என்கிட்ட கேட்டான்.

கீழ ஒரு ஏசி ரூம் உண்டு. செல்வின் ரூம். அவன் கல்யாணத்துக்குப் போட்ட ஏசி. அவன் பெட்டி, பெண்டாட்டியோட பட்டுச்சேலை எல்லாம் அதுலதான் இருக்கு. ஜூலையில வருவான்னு போன வருஷத்துல இருந்தே சுத்தம் பண்ணி வச்சிருந்தேன். லீவு கிடைக்கலை, வரலை. பூட்டித்தான் இருக்கு. "அண்ணன் ரூம்ல எத்தனை பேர்மா?"ன்னு கேட்டான். கட்டம் எல்லாம் காலியா இருக்கு. பூஜ்யம்னு எழுதச் சொல்லணும். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு, தூரதேசத்துல வேலை பாக்கிற பிள்ளைக்கு, இருபத்திநாலு மணி நேரமும் பூஜ்யம்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. ராத்திரிக்கு ஒரு ஆள் போடுப்பா, ரெண்டு மணி நேரம் ஏசி, அப்புறம் ஃபேன், அப்படித்தானே அவன் படுப்பான்னு சொல்லிட்டேன். அது பொய்யா தங்கச்சி? எனக்கு அப்பப் பொய் மாதிரி தெரியலை. ஒரு ஜெபம் மாதிரி தெரிஞ்சுச்சு.

அண்ணன் ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சும், அம்மா சொன்னாங்களேன்னு அப்படியே எழுதிக்கிட்டான். "மேல் ரூம்ல பகல்ல எத்தனை பேர்?"னு அடுத்துக் கேட்டான். மேல் ரூம்தான் அவனும் எப்சிபாவும் இருக்கிற ரூம். யாரும் இல்லைப்பா, தூங்குறதுக்கு மட்டும்தான் போவாங்கன்னேன்.

வீடு பூரா அவளுக்குத்தானே தங்கச்சி. ஹால் இருக்கு, அடுக்களை இருக்கு, அவ எங்க வேணா இருந்துக்கலாம். நான் ஒரு நாள்கூட இங்க உக்காராதன்னு சொன்னதில்லை. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எங்க வீட்டு ஹால்ல பெண்கள் ஜெபம் நடக்கும், பதினைஞ்சு பேர் வருவாங்க. பிள்ளை அழுதா எல்லாருக்கும் சிரமமா இருக்கும்னு, நீ மேல போய் ரெஸ்ட் எடும்மான்னு சொல்வேன். அன்பாத்தான் சொல்வேன். மத்த நாள்ல யாராவது விசாரிக்க வருவாங்க, ஆறுதல் தேடி வருவாங்க, என்கிட்ட மனசுவிட்டுப் பேசணும்னு வருவாங்க. அப்பவும் அவளா பிள்ளையைத் தூக்கிட்டு மேல போயிருவா. எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அவ்வளவு புரிஞ்சுக்கிற பிள்ளை.

மேல சூடா இருக்குன்னு அவ சொன்னது உண்டு. கல்யாணம் ஆனதுல இருந்து சொல்லுவா. எப்சிபாவோட அப்பா ஒரு ஏர் கூலர் வாங்கிக் கொடுத்தாரு. இந்தக் கோடையில பிள்ளைக்கு வேர்க்குரு வந்து, அது கட்டியாகி, காய்ச்சலும் வந்துச்சு. கீழ் ரூம்ல படுக்க வச்சுக்கட்டுமா அத்தைன்னு கேட்டா. செல்வின் ஜூலையில வர்றான்லம்மா, பொறுத்துக்கோன்னு சொன்னேன். அன்னைக்கு நான் உபவாசம் இருந்து பிள்ளைக்காக ஜெபிச்சேன். ஜெபசிங்கும் என்ன சொல்லுவான், "நான் நாள் பூரா சைட்டுல வெயில்ல நிக்கிறேன் எப்சி, எனக்கு மேல் ரூம் சொர்க்கமா இருக்கு"ன்னுவான். ஒரு கல்யாணத்துக்குப் போறேன்னு மே கடைசியில பிள்ளையோட கிளம்பினா. கல்யாணம் முடிஞ்சும் வரலை.

சரி, படிப்புக்கு வர்றேன். அவன் எல்லாத்தையும் உள்ள போட்டு ஓட விட்டான். வந்துச்சு. மேல் ரூம் சாயங்காலம் முப்பத்தொன்பது டிகிரின்னு காட்டுச்சு. வெளியில மூணு மணிக்கு வெயில் உச்சம்னா அந்த ரூமுக்கு ஆறு, ஏழு மணிக்குத்தான் உச்சமாம். கான்க்ரீட்டு பகல் பூரா சூட்டைக் குடிச்சு வச்சிருந்து, வெளியில குளிர ஆரம்பிக்கும்போது உள்ளே இறக்கிவிடுமாம். எனக்கு அதைக் கேட்டதும் திக்குன்னு இருந்துச்சு. ஆனா அவன் சொன்னான், அந்த நேரம் அங்க யாரும் இல்லையேம்மா, கீழதானே இருப்பாங்க, அது கணக்குல வராதுன்னு. மனுஷர் இருக்கிற நேரத்துச் சூட்டை மட்டும்தான் சிரமம்னு எண்ணுமாம் அது. ஆள் இல்லாத ரூம் எவ்வளவு கொதிச்சாலும் அது பேசாது. அப்படி எண்ணிப் பார்த்ததுல மூணு மாசத்துக்கும் சேர்த்து நூத்திப்பத்து மணி நேரம்தான் சிரமம்னு வந்துச்சு.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாம்மா, எப்சி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கா." எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. கம்ப்யூட்டரே சொல்லிருச்சே. அப்பவே அவன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எப்சிபாவுக்கு அனுப்பிட்டான். கீழ, நீயே பாருன்னு ஒரு வரி. அவ பாத்ததுக்கு ரெண்டு நீலக் கோடு வந்துச்சாம். பதில் வரலை. அன்னையில இருந்து அவ இவன் போனையும் எடுக்கிறதில்லை.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் கொஞ்சம் குடிச்சுக்கிறேன்.

எங்க வீட்டுல ரெண்டு மீட்டர் உண்டு. உங்க வீட்டுலயும் இருக்கும், நூறு யூனிட் சும்மா வருதுன்னு மாடிக்குத் தனியா ஒண்ணு வாங்கிருவாங்களே, அப்படித்தான். கம்ப்யூட்டர் சொன்ன யூனிட்டையும் ஈ.பி. அட்டையில இருந்த யூனிட்டையும் ஒத்துப் பாக்கணும், அப்பத்தான் பாடம் முடியும். ரெண்டு மீட்டரையும் கூட்டினான். கம்ப்யூட்டர் ஐநூத்தித் தொண்ணூறு, அட்டையில அறுநூத்தி நாலு. பிரமாதமா வந்திருக்குன்னு குதிச்சான். அந்த டீச்சர் பிள்ளைதான், சேர்த்துப் பாக்காதீங்க, தனித்தனியா பாருங்கன்னு சொன்னா. தனித்தனியா பாத்தா, கீழ அவன் சொன்னதுல பாதிதான் ஓடியிருக்கு. மேல ரெண்டு மடங்கு ஓடியிருக்கு.

பாவம், மூணு வாரம் மண்டையை உடைச்சான். சுவரை மாத்திப் பார்த்தான், ஜன்னலை மாத்திப் பார்த்தான். ஃபேன் எவ்வளவு இழுக்குதுன்னு ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தான். காலையில ஏழு மணிக்குப் போறவன், வந்து சாப்பிட்ட கையோட அதுலயே உக்காருவான். நான் பக்கத்துல காப்பி கொண்டு வைப்பேன். ஆண்டவரே என் பிள்ளைக்கு ஞானத்தைக் கொடும்னு மூணு நாள் உபவாசமும் இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அந்தப் பிள்ளை எல்லாத்தையும் பார்த்துட்டு சொன்னா. அவ குரல் லேப்டாப்ல இருந்து எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "ஜெபசிங், உங்க சுவரு சரி. கூரை சரி. தப்பு வீட்டுல இல்லை, ஆள்ல இருக்கு. நீங்க கீழ இருக்காங்கன்னு எழுதின யாரோ கீழ இல்லை. மேல இல்லைன்னு எழுதின யாரோ பகல் பூரா மேல இருந்திருக்காங்க. வீட்டுல கேளுங்க."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அம்மா?"

மீட்டர் பழசுப்பா, ஓட்டமா ஓடும்னு சொன்னேன்.

சொல்லிட்டேன். எப்படி வந்துச்சுன்னு தெரியலை. முதல் தடவை சொன்னதை வேணா எப்படியாவது சமாதானம் பண்ணிக்கலாம். இதை முடியாது. அவன் அதையும் நம்பி, லைன்மேனைக் கூட்டிட்டு வந்து மீட்டரைப் பார்க்கச் சொன்னான். லைன்மேன் பாத்துட்டு, "மீட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்க வீட்டுலதான் யாரோ கூலர் ஓட்டியிருக்காங்க"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. அப்பவும் அவனுக்கு என் மேல சந்தேகம் வரலை. லேப்டாப்பை மூடி வச்சிட்டு சொன்னான், "எனக்கு இது வரலைம்மா. நான் செங்கல் எண்ணத்தான் லாயக்கு. திங்கக்கிழமை கடைசி நாள், நான் அனுப்பப் போறதில்லை."

அதைக் கேட்டப்புறம் ஜெபத்துல முழங்கால் போட்டா வார்த்தை வரமாட்டேங்குது தங்கச்சி. ஞானத்தைக் கொடும்னு ஆரம்பிப்பேன், அப்படியே நின்னுரும். அவனுக்குக் கொடுக்க வேண்டியது ஆண்டவர்கிட்டயா இருக்கு, என்கிட்டத்தானே இருக்கு.

நேரா அவன்கிட்டயே சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனா எத்தனை மணிக்கு அவ மேல போவா, எத்தனை மணிக்கு இறங்குவான்னு எனக்கே சரியாத் தெரியலை. ஒரே வீட்டுல இருந்தும் தெரியலை. அதனால இன்னைக்குக் காலையில வெள்ளைத்தாள்ல இருபத்திநாலு கட்டம் போட்டு எடுத்துக்கிட்டு, ஜெபசிங்கிட்ட சித்தி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, விளாத்திகுளம் வந்தேன்.

எப்சிபாவோட அம்மா என்னை உள்ள கூப்பிட்டாங்க. மோர் கொடுத்தாங்க. "எங்க வீடு ஓட்டு வீடு, சம்பந்தி. உங்களுக்குச் சின்னதாத்தான் தெரியும். பிள்ளை உடம்புல ஒரு வேர்க்குரு இருக்கான்னு பாருங்க"ன்னாங்க. பாத்தேன். இல்லை. உடம்பு வழவழன்னு இருக்கு. ஷைனி என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் கிட்ட வந்தா. ஓடு சீக்கிரம் ஆறிரும் சம்பந்தி, கான்க்ரீட்டுதான் சூட்டைப் பிடிச்சு வைக்கும்னு நான் சொன்னேன். அவங்க ஒரு மாதிரி பாத்துட்டு, "அது இப்பத்தான் தெரியுதா"ன்னு கேட்டாங்க. எனக்கு அது குத்தினதுதான்.

எப்சிபாகிட்ட தாளைக் கொடுத்தேன். விவரம் சொன்னேன். அத்தானோட பரீட்சைக்கும்மா, நீ மேல இருந்த நேரத்தை மட்டும் எழுதிக்கொடுன்னேன். அவ தாளை வாங்கிக் கட்டத்தை எல்லாம் பாத்தா.

"நூத்திப்பத்து மணி நேரம்னு எனக்கு அனுப்பியிருந்தாங்க அத்தை."

ஆமாம்மா, அது தப்புன்னேன்.

"ரெண்டு வருஷம் வாயால சொன்னேன். எண்ணிச் சொல்லணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

கோபமாச் சொல்லலை. எனக்குக் கோபமாச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். உக்காந்து ஒவ்வொரு கட்டமா எழுதினா. பிள்ளை பென்சிலைப் பிடுங்க வருது, அதைத் தள்ளிவிட்டுட்டு எழுதுறா. எழுதி முடிச்சு மடிச்சுக் கொடுத்தா. நான் சொன்னேன், நீ என்னோட வந்துரும்மா, இனிமே ஹால்லயே படுத்துக்கலாம், ஜெபக் கூட்டத்தை வேற வீட்டுக்கு மாத்திரச் சொல்றேன்னு. இதுக்கு மேல ஒரு மாமியார் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.

அவ சொன்னா, "ஹால்லயா அத்தை?"

அவ்வளவுதான். அப்புறம், "அத்தான் பரீட்சை எழுதட்டும். வர்றதைப் பத்தி இப்பக் கேக்காதீங்க"ன்னு உள்ள போயிட்டா.

பஸ் ஏறினதுல இருந்து யோசிக்கிறேன், ஹால்னு சொன்னதுல என்ன தப்புன்னு. செல்வின் ரூமைத்தான் எதிர்பார்க்கிறா. அந்தப் பட்டுச்சேலையை எல்லாம் நான் எங்க கொண்டு வைக்க. இந்த வருஷம் வரமாட்டேன்னு அவன் போன்ல சொல்லும்போதுகூட ரூம் தயாரா இருக்குப்பான்னுதான் சொன்னேன். பரவாயில்லைம்மா, யாராவது இருந்துக்கட்டும்னுதான் அவன் சொன்னான். அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன்.

எட்டயபுரம் வந்துருச்சா? இங்க டவர் நல்லா இருக்கும். போன் பண்ணணும். வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் போயிரும். இன்னைக்கு அவன் லீவு, வீட்டுலதான் இருக்கான். இருங்க, கண்ணாடியை எடுத்துக்கிறேன். அவ எழுதினதை நான் இன்னும் ஒரு தடவைகூட முழுசாப் பாக்கலை.

காலையில எட்டு மணி, பூஜ்யம். அது சரி, அடுக்களையில என்னோட நிப்பா. ஒன்பது, பூஜ்யம். பத்து மணி, ரெண்டு பேர். அதுக்குப் பிள்ளையையும் சேர்த்திருக்கா. பதினொண்ணு, ரெண்டு. பன்னெண்டு, ரெண்டு. ஒரு மணி பூஜ்யம், சாப்பிட இறங்குவா. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எல்லாத்துக்கும் ரெண்டு. இவ்வளவு நேரமா. நான் ஏதோ ரெண்டு மணி நேரம் இருக்கும்னு நினைச்சேன்.

ஆறு மணிக்கும் ரெண்டுன்னு போட்டிருக்கா. இது தப்பு. கை தவறிப் போட்டிருப்பா. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் எங்க வீட்டுல குடும்ப ஜெபம், மழை வந்தாலும் புயல் வந்தாலும் நிக்காது. பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் வருவாங்க. அப்ப அவ கீழதான் இருப்பா. கீழ...

ஒரு நாள் ஷைனி தவழ்ந்து போய் ஒரு அக்காவோட காப்பி டம்ளரைத் தட்டிவிட்டுட்டா. ஜெபம் பாதியில நின்னுருச்சு. கொஞ்ச நேரம் மேல வச்சிக்கோம்மான்னு சொன்னேன். ஒரு நாள்தான் சொன்னேன். அவ தினமும்னு எடுத்துக்கிட்டாளா? மறுநாள் அவ வந்து உக்காந்தாளான்னு எனக்கு ஞாபகம் இல்லையே. ஜெபத்துல கண்ணு மூடியிருக்கும் தங்கச்சி. யாரு இருக்கா, யாரு இல்லைன்னு பாக்கிறதில்லை.

போடுறேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன், தப்பா நினைக்காதீங்க.

ஜெபா, நான்தான்ப்பா. லேப்டாப் பக்கத்துல இருக்கா?

"இருக்கும்மா. எதுக்கு? பஸ் சத்தமா இருக்கு. எங்க இருக்கீங்க?"

அதை அப்புறம் சொல்றேன். அந்த வீட்டைத் திற. அண்ணன் ரூமுக்கு நான் ஒரு ஆள் சொன்னேன்ல, அதை எடுத்துரு. எல்லாக் கட்டத்துலயும் பூஜ்யம் போடு. ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை.

"ஏம்மா, நீங்கதானே..."

நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். அவன் இல்லைப்பா அங்க. போட்டுட்டியா? இப்ப மேல் ரூமுக்கு வா. நான் சொல்லச் சொல்லப் போடு. பத்து மணி, ரெண்டு பேர். கூலர், ரெண்டு ஃபேன். பதினொண்ணு, அதே. பன்னெண்டு, அதே. ஒரு மணிக்கு இல்லை. ரெண்டு மணி, ரெண்டு பேர். மூணு, ரெண்டு. நாலு, ரெண்டு. அஞ்சு, ரெண்டு. கேக்குதாப்பா?

"கேக்குது. யாரு இதைச் சொன்னது?"

எப்சிபா எழுதிக் கொடுத்தா.

"அவ கையால எழுதினாளா?"

ஆமா. நான் விளாத்திகுளத்துல இருந்து வர்றேன்.

ஜெபா. இருக்கியா?

"இருக்கேன். ஆறு மணிக்கு நீங்க சொல்ல வேண்டாம்மா, அது எனக்கே தெரியும். ஜெபம். எல்லாரும் கீழ ஹால்ல."

பாத்தீங்களா தங்கச்சி, அவனே போட்டுக்கிறான்.

ஜெபா, கொஞ்சம் இரு. ஆறு மணிக்கும் ரெண்டு பேர் போடு.

"அம்மா, ஆறு மணிக்குத்தான் அந்த ரூம்ல சூடு..."

தெரியும்ப்பா. நீதான் சொன்ன.

"தினமுமா?"

தினமும்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

நான் கீழ இருந்தேன்ப்பா. அவளுக்காக ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்.